கொலஸ்ட்ராலைக் குறைக்கும் உணவு: கல்லீரலில் என்ன நடக்கிறது?

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் கொலஸ்ட்ரால் எண் தடித்த எழுத்தில் வந்துவிட்டால், பெரும்பாலோர் முதலில் ஒதுக்குவது முட்டையின் மஞ்சள் கருவை. அடுத்து, யாரோ சொன்ன ஒரு பொருளைத் தினமும் வெறும் வயிற்றில் சாப்பிட ஆரம்பிப்பார்கள். மூன்று மாதம் கழித்துப் பரிசோதித்தால் எண் பெரிதாக நகர்ந்திருக்காது. "கொழுப்பையே நான் தொடுவதில்லை, அப்புறம் எப்படி?" என்று குழம்பிப் போகிறார்கள். அவர்கள் முயற்சியில் குறையில்லை. எதைச் செய்தால் எண் இறங்கும் என்பதை அவர்களுக்கு யாரும் சரியாக விளக்கவில்லை, அவ்வளவுதான்.

விளக்கத்தைக் கல்லீரலிலிருந்து தொடங்க வேண்டும். உடலுக்குத் தேவையான கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடலே தயாரித்துக்கொள்கிறது. உணவிலிருந்து வருவது சிறு பகுதிதான். செல்களின் சவ்வு, பல ஹார்மோன்கள், வைட்டமின் டி, பித்தநீர் எல்லாவற்றுக்கும் கொலஸ்ட்ரால் வேண்டும். அது ரத்தத்தில் தானாகக் கரையாது என்பதால் புரதத்தோடு சேர்ந்த நுண்துகள்களில் ஏறிப் பயணிக்கிறது. அந்தத் துகள்களில் ஒரு வகைதான் எல்.டி.எல். இவை ரத்தத்தில் தேவைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தால் தமனிச் சுவருக்குள் நுழைந்து அங்கேயே சிக்கிக்கொள்கின்றன. வருடக்கணக்கில் அப்படிச் சேர்ந்த படிவுதான் ஒருநாள் வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து, மாரடைப்பாகிறது.

இந்தத் துகள்களை ரத்தத்திலிருந்து அகற்றும் வேலையும் கல்லீரலுடையதே. கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் எல்.டி.எல். ஏற்பிகள் என்ற புரதங்கள் இருக்கின்றன. சரக்குப் படகை இழுத்துக் கட்டும் துறை மாதிரி இவை துகளைப் பிடித்துச் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும், பிறகு மேற்பரப்புக்குத் திரும்பி அடுத்ததைப் பிடிக்கும். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 10 நிமிடம் ஆகிறது. ஒரே ஏற்பி நூறு தடவைக்கு மேல் இப்படிப் போய்வருகிறது. இந்த ஏற்பிகளை 1970களில் கண்டுபிடித்து விளக்கியவர்கள் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள். 1985இல் நோபல் பரிசு இதற்காகவே அவர்களுக்குக் கிடைத்தது.

உணவின் மூலம் கொலஸ்ட்ராலைக் குறைப்பது பற்றிய பேச்சு முழுவதும் இந்த ஏற்பிகளைச் சுற்றித்தான். ஏற்பிகளின் எண்ணிக்கை கூடினால் ரத்தத்தில் எல்.டி.எல். குறையும். குறைந்தால் அது ஏறும். ஒரு உணவு கொலஸ்ட்ராலைக் குறைக்குமா என்று கேட்கும்போது, அதைச் சாப்பிட்டால் கல்லீரலில் ஏற்பிகள் கூடுமா என்றுதான் கேட்டுப் பார்க்க வேண்டும்.

முட்டையின் மேல் விழுந்த பழி

1913இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் நிக்கோலாய் அனிச்கோவ் என்ற ஆய்வாளர் முயல்களுக்கு எண்ணெயில் கரைத்த கொலஸ்ட்ராலைக் கொடுத்தார். முயல்களின் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் தாறுமாறாக ஏறியது, தமனிகளில் கொழுப்புப் படிந்தது. அந்தச் சோதனை மருத்துவ வரலாற்றில் முக்கியமானது. ஆனால் முயல் இலைதழை தின்னும் பிராணி. கொலஸ்ட்ரால் உள்ள உணவைச் சமாளிக்கும் ஏற்பாடு அதன் உடலில் இல்லை. மனித உடல் அப்படியல்ல. உணவில் கொலஸ்ட்ரால் கூடினால், பெரும்பாலோருக்குக் கல்லீரல் தன் சொந்த உற்பத்தியைக் குறைத்து ஈடுகட்டிவிடுகிறது.

ஒரு முட்டை மஞ்சள் கருவில் ஏறக்குறைய 200 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருக்கிறது. நாளுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று பல வருடங்கள் சொல்லிவந்த அமெரிக்க உணவு வழிகாட்டி, 2015-2020 பதிப்பில் அந்த உச்சவரம்பைக் கைவிட்டது. அதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்றாகிவிடாது. சிலருடைய உடல் உணவிலுள்ள கொலஸ்ட்ராலுக்கு மற்றவர்களைவிட அதிகமாக எதிர்வினை காட்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களும், எல்.டி.எல். ஏற்கெனவே கூடியிருப்பவர்களும் அளவோடு இருப்பது நல்லது. ஆனாலும் முட்டையை மட்டும் நிறுத்திவிட்டு, அது பொரிந்த வெண்ணெயை அப்படியே வைத்துக்கொண்டால் பெரிதாக எதுவும் மாறாது.

உண்மையில் கை வைக்க வேண்டிய இடம்

கல்லீரலின் எல்.டி.எல். ஏற்பிகளை உணவில் அதிகம் மந்தப்படுத்துவது நிறைவுற்ற கொழுப்பு, அதாவது வெண்ணெய், தேங்காய் எண்ணெய் போன்றவற்றில் நிறைய இருக்கும் கொழுப்பு வகை. அது கூடும்போது ஏற்பிகளின் வேலை சுணங்குகிறது, துகள்கள் ரத்தத்தில் தேங்குகின்றன. எந்தெந்தக் கொழுப்பு கொலஸ்ட்ராலை எவ்வளவு ஏற்றும், எவ்வளவு இறக்கும் என்பதை அன்செல் கீஸ், மார்க் ஹெக்ஸ்டட் போன்றவர்கள் 1950, 60களிலேயே கட்டுப்பாடான உணவுச் சோதனைகள் மூலம் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கின் அடிப்படை இன்றுவரை ஆட்டம் காணவில்லை.

100 கிராம் தேங்காய் எண்ணெயில் 80 கிராமுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு இருக்கிறது. வெண்ணெயிலும் பாமாயிலிலும் அது ஏறக்குறைய பாதி. ஆலிவ் எண்ணெயில் 14 கிராம், சூரியகாந்தி எண்ணெயில் 11 கிராம், கனோலா எண்ணெயில் 7 கிராம் அளவில்தான். உலக சுகாதார நிறுவனம் சொல்வது, மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் நிறைவுற்ற கொழுப்பு இருக்க வேண்டும் என்பது. நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 22 கிராம். ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் மட்டுமே அதில் பாதியை எடுத்துக்கொள்ளும். எல்.டி.எல். கூடியவர்களுக்கு அமெரிக்க இதயச் சங்கம் இன்னும் இறுக்கமாக, 5 முதல் 6 சதவீதம் என்கிறது.

தேங்காய் எண்ணெய் இயற்கையானது, அதனால் இதயத்துக்கு நல்லது என்ற பேச்சு இணையத்தில் சில வருடங்களாகப் பலமாக ஓடுகிறது. 2020இல் பல சோதனைகளைத் திரட்டி ஆராய்ந்தபோது, பிற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.லை ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு ஏறக்குறைய 10 மி.கி. ஏற்றுவது தெரியவந்தது. கூடவே எச்.டி.எல்.லும் ஏறுகிறது என்பார்கள். அது உண்மைதான். ஆனால் "நல்ல கொலஸ்ட்ரால்" என்று பெயர் வாங்கிய எச்.டி.எல்.லை ஏற்றினால் மாரடைப்பு குறையும் என்ற நம்பிக்கை பெரிய அடி வாங்கியிருக்கிறது. டார்செட்ராபிப் என்ற மருந்து எச்.டி.எல்.லை 70 சதவீதத்துக்கு மேல் ஏற்றியது. இருந்தும் அதை எடுத்தவர்களிடையே மரணங்கள் கூடியதால், 15,000 பேர் பங்கேற்ற அந்தச் சோதனையை 2006 டிசம்பரில் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. எச்.டி.எல். எண்ணை இடர் எவ்வளவு என்று மதிப்பிடப் பயன்படுத்தலாம். அதை ஏற்றுவதையே குறியாக வைத்துக்கொண்டு உணவைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஒரு கொழுப்பை எடுத்தால் அந்த இடத்தில் எது வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். வெண்ணெயை நிறுத்திவிட்டு, கொழுப்பு நீக்கியது என்று எழுதிய பிஸ்கட்டுக்கும் வெள்ளை மாவுப் பண்டங்களுக்கும் மாறினால் எல்.டி.எல். கொஞ்சம் இறங்கலாம், ஆனால் ரத்தத்தில் சுற்றும் இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு ஏறிவிடும். அதே இடத்தில் சூரியகாந்தி, சோயா, கனோலா போன்ற எண்ணெயோ, பருப்பு வகையோ, கொட்டை வகையோ வந்தால்தான் முழுப் பலன் கிடைக்கும். எண்ணெயே சேர்க்காமல் சமைப்பதைவிட எண்ணெயை மாற்றிச் சமைப்பது பலன் தரும், நீண்ட நாள் கடைப்பிடிக்கவும் முடியும்.

தாவர எண்ணெயில் ஹைட்ரஜனைச் சேர்த்துக் கெட்டியாக்கும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்பின் கதை நிறைவுற்ற கொழுப்பைவிட மோசம். 1990இல் நெதர்லாந்தின் மென்சிங்க், கட்டான் இருவரும் அது எல்.டி.எல்.லை ஏற்றி எச்.டி.எல்.லை இறக்குகிறது என்று காட்டினார்கள். டென்மார்க் 2003இல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2018இல் உலக சுகாதார நிறுவனம் உலகம் முழுவதும் அதை ஒழிக்க அழைப்பு விடுத்தது. பொட்டலத்தின் பொருள் பட்டியலில் "பகுதி ஹைட்ரஜனேற்றப்பட்ட எண்ணெய்" என்று இருந்தால் வாங்காமல் வைத்துவிடுங்கள். முன்பக்கம் "கொலஸ்ட்ரால் இல்லை" என்று பெரிதாக அச்சிட்டிருந்தாலும் அதற்கு மதிப்புத் தர வேண்டியதில்லை. தாவர எண்ணெய் எதிலுமே சொல்லும்படியான கொலஸ்ட்ரால் கிடையாது, பாமாயில் உட்பட. பின்பக்க அட்டவணையில் 100 கிராமுக்கு எவ்வளவு நிறைவுற்ற கொழுப்பு என்ற வரியைப் பாருங்கள். ஒரு பரிமாறலுக்கு எவ்வளவு என்ற வரியை மட்டும் பார்த்தால் ஏமாறலாம், ஏனென்றால் அந்தப் பரிமாறல் பல சமயம் இரண்டு பிஸ்கட்டுதான்.

கொழகொழப்பின் வேலை

ஓட்ஸைக் கொதிக்கவைத்து இறக்கி, கொஞ்சம் ஆறவிட்டுக் கரண்டியால் தூக்கிப் பாருங்கள். வழுவழுவென்று கூழ் இழுபடும். பார்லியை வேகவைத்த தண்ணீரும், வெண்டைக்காயை அறுத்த கத்தியும் அப்படித்தான். சமையலில் பலருக்குப் பிடிக்காத அந்தக் கொழகொழப்புதான் கரையும் நார்ச்சத்து. ஓட்ஸிலும் பார்லியிலும் இருப்பதற்குப் பெயர் பீட்டா குளூக்கன்.

கல்லீரல் கொலஸ்ட்ராலைக் கொண்டு பித்த அமிலங்களைத் தயாரிக்கிறது. அவை கொழுப்பு செரிப்பதற்காகக் குடலுக்குள் இறங்குகின்றன. வேலை முடிந்ததும் சிறுகுடலின் கடைசிப் பகுதி அவற்றில் 95 சதவீதத்தைத் திரும்ப உறிஞ்சிக் கல்லீரலுக்கே அனுப்பிவிடுகிறது. உடல் எதையும் வீணாக்குவதில்லை. கொழகொழப்பான நார்ச்சத்து இடையில் புகுந்து இந்த மறுசுழற்சியைக் கெடுக்கிறது. பித்த அமிலங்களில் ஒரு பகுதி அந்தக் கூழில் மாட்டி மலத்தோடு வெளியேறுகிறது. இழந்ததை ஈடுகட்டக் கல்லீரலுக்குப் புதிதாகக் கொலஸ்ட்ரால் வேண்டும். அதற்காக மேற்பரப்பில் ஏற்பிகளைக் கூட்டி ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்கிறது. நார்ச்சத்து ரத்தத்துக்குள் போவதே இல்லை, குடலோடு சரி. ஆனாலும் ரத்தத்தில் எண் இறங்குகிறது.

அளவு முக்கியம். நாளுக்கு 3 கிராம் பீட்டா குளூக்கன் போனால் எல்.டி.எல். 5 சதவீதத்தை ஒட்டி இறங்கும். ஓட்ஸில் பீட்டா குளூக்கன் ஏறக்குறைய 4 சதவீதம்தான். எனவே 3 கிராமுக்கு 75 கிராம் உலர்ந்த ஓட்ஸ் வேண்டும். பாலில் மிதக்கும் இரண்டு கரண்டி ஓட்ஸ் இந்த அளவை எட்டாது. ஓட்ஸ் மாவு கலந்த பிஸ்கட் அதைவிடவும் எட்டாது. பார்லியிலும் கணக்கு கிட்டத்தட்ட இதேதான். இசப்கோல் உமியை நாளுக்கு 10 கிராம் அளவில் எடுத்தவர்களிடமும் 5 முதல் 10 சதவீதம் வரை குறைவு காணப்பட்டிருக்கிறது. ஆனால் அதற்கு நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், கொஞ்சமாக ஆரம்பித்து மெல்லக் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் வயிறு உப்பும். மாத்திரை எடுப்பவர்கள், குறிப்பாகத் தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள், இரண்டையும் ஒரே நேரத்தில் விழுங்காமல் சில மணி நேர இடைவெளி விட வேண்டும். உமி மருந்தையும் உறிஞ்சவிடாமல் செய்யலாம்.

பருப்பு, பயறு, கொண்டைக்கடலை, ராஜ்மா வகைகளை வேகவைத்து நாளுக்கு 130 கிராம் சாப்பிட்டால் எல்.டி.எல். 5 சதவீதம் குறைகிறது என்று 26 சோதனைகளைத் திரட்டிய 2014ஆம் வருட ஆய்வு சொன்னது. கொட்டை வகைகளுக்கும் இப்படி ஒரு கணக்கு 2010இல் வந்தது: நாளுக்கு சராசரியாக 67 கிராம் சாப்பிட்டவர்களுக்கு 7.4 சதவீதம் குறைந்தது. 67 கிராம் என்பது இரண்டு கைப்பிடிக்கு மேல். ஏற்கெனவே சாப்பிடுவதோடு அதையும் சேர்த்தால் எடை போடும், வேறு ஒரு நொறுக்குத் தீனிக்குப் பதிலாகச் சாப்பிட வேண்டும். பாதாம்தான் உசத்தி என்றில்லை. வால்நட், நிலக்கடலை எல்லாமே இந்தக் கணக்கில் சேர்த்தி.

தாவர ஸ்டெரால் என்று இன்னொன்று உண்டு. அமைப்பில் கொலஸ்ட்ராலைப் போலவே இருப்பதால், குடலில் கொலஸ்ட்ராலின் இடத்தைப் பிடித்து அது உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. நாளுக்கு 2 கிராம் போனால் 8 முதல் 10 சதவீதம் குறையும். வழக்கமான உணவில் அவ்வளவு கிடைக்காது, அதைச் சேர்த்துத் தயாரித்த பொருள்களை வாங்கினால்தான் உண்டு.

எல்லாவற்றையும் சேர்த்தால்

தனித்தனியாகப் பார்த்தால் 5 சதவீதம், 7 சதவீதம் என்று சோர்வூட்டும் எண்கள். இவற்றைக் கூட்டாகச் சோதித்தவர் கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜென்கின்ஸ். ஒரு உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றும் என்று காட்டும் கிளைசெமிக் குறியீட்டை 1981இல் அறிமுகப்படுத்தியவரும் இவர்தான். நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்து, ஓட்ஸ், பார்லி, இசப்கோல், வெண்டைக்காய், கத்தரிக்காய், சோயா புரதம், பாதாம், தாவர ஸ்டெரால் எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொண்டுவந்தார். 2003இல் வெளியான அந்தச் சோதனையில் 46 பேர். ஒரு மாதத்தில் இந்த உணவை உண்டவர்களின் எல்.டி.எல். 28.6 சதவீதம் குறைந்தது. சாதாரணக் கொழுப்புக் குறைப்பு உணவோடு, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்தான லோவாஸ்டாட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு 30.9 சதவீதம். மாத்திரை இல்லாமல் அந்தச் சாதாரண உணவை மட்டும் உண்டவர்களுக்கு 8 சதவீதம்.

இந்த ஒரு சோதனையைக் காட்டி "மாத்திரையே வேண்டாம்" என்று சொல்பவர்கள் 2011இல் வந்த அடுத்த பகுதியையும் சொல்ல வேண்டும். முதல் சோதனையில் உணவைத் தயாரித்துக் கையில் கொடுத்தார்கள். இரண்டாவதில் 351 பேருக்கு ஆலோசனை மட்டும் சொல்லி, அவரவர் வாங்கி, அவரவர் சமைக்கும்படி விட்டார்கள். ஆறு மாதம் கழித்துக் குறைந்தது 13 சதவீதத்தை ஒட்டித்தான். 28க்கும் 13க்கும் உள்ள இடைவெளிதான் சமையலறையின் நிஜம். வேலை, பயணம், விருந்து, அலுப்பு எல்லாம் அதில் அடங்கும். உணவில் அக்கறை எடுப்பவருக்கு நான் சொல்லும் நியாயமான எதிர்பார்ப்பு இதுதான்: எல்.டி.எல். 160 இருந்தால் 140க்குப் பக்கத்தில் வரலாம். தீவிரமாகக் கடைப்பிடிப்பவர் அதற்கும் கீழே போகலாம்.

160 எங்கே, 140 எங்கே, இது ஒரு குறைவா என்று தோன்றும். அதற்குப் பதில் மரபணு ஆய்விலிருந்து கிடைத்தது. பி.சி.எஸ்.கே.9 என்ற புரதம் எல்.டி.எல். ஏற்பிகளை அழிவுக்கு அனுப்பும் வேலையைச் செய்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே அந்தப் புரதத்தின் மரபணு பழுதுபட்டிருக்கும். அதனால் ஏற்பிகள் நீண்ட நாள் தங்குகின்றன, எல்.டி.எல். எப்போதும் குறைவாகவே இருக்கிறது. அமெரிக்காவில் இப்படிப்பட்ட கறுப்பின மக்களைப் பற்றி 2006இல் வெளியான ஆய்வில், எல்.டி.எல். 28 சதவீதம் குறைவாக இருந்தவர்களுக்கு இதய நோய் 88 சதவீதம் குறைவாக இருந்தது. மாத்திரைச் சோதனைகளிலோ எல்.டி.எல். 39 மி.கி. குறைந்தால் சில வருடங்களில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறக்குறைய 22 சதவீதம் குறைகின்றன. இரண்டுக்கும் இடையே இவ்வளவு வித்தியாசம் வரக் காரணம் காலம். தமனிச் சுவரில் சேரும் படிவு, எல்.டி.எல். எவ்வளவு என்பதோடு எத்தனை வருடம் என்பதையும் பொறுத்தது. நாற்பது வயதில் உணவை மாற்றுபவருக்குப் பிறவியிலேயே வாய்த்த பாதுகாப்பு முழுதாகக் கிடைத்துவிடாது. ஆனால் 20 மி.கி. குறைவை இருபது, முப்பது வருடம் தக்கவைத்தால் அது சின்ன விஷயம் அல்ல. ஒரு மாதக் கடும் பத்தியத்தைவிட, சலிக்காமல் தொடரக்கூடிய சாப்பாட்டை நான் மேலாக நினைப்பது இதனால்தான்.

ஒரு நாட்டின் ஒரு மாகாணம் முழுவதும் இதைச் செய்துகாட்டியது. ஃபின்லாந்தின் வட கரேலியாவில் 1970களின் தொடக்கத்தில் நடுவயது ஆண்கள் மாரடைப்பில் இறப்பது உலகிலேயே மிக அதிகமாக இருந்தது. பால் பண்ணைகள் நிறைந்த பகுதி, ரொட்டிமேல் வெண்ணெயைத் தடிமனாகத் தடவிச் சாப்பிடும் பழக்கம். 1972இல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவரின் தலைமையில் ஒரு திட்டம் தொடங்கியது. பெண்கள் அமைப்புகள் ஊர் ஊராகக் கூடி வழக்கமான உணவுகளையே கொழுப்பு குறைத்துச் சமைத்துக் காட்டின. கொலஸ்ட்ராலை அதிகம் குறைக்கும் கிராமம் எது என்று போட்டியே நடந்தது. வெண்ணெய் போய்த் தாவர எண்ணெய் வந்தது, புகைபிடிப்பது குறைந்தது. நாற்பது வருடங்களில் உழைக்கும் வயது ஆண்களிடையே இதய நோய் மரணம் 80 சதவீதத்துக்கு மேல் வீழ்ந்தது. சிகிச்சை மேம்பட்டதும் ஒரு காரணம்தான். ஆனாலும் ஆய்வாளர்கள் பெரும்பங்கை வாழ்க்கைமுறை மாற்றத்துக்கே, அதிலும் கொலஸ்ட்ரால் குறைந்ததற்கே, கொடுக்கிறார்கள்.

அந்த மாற்றத்தில் காபிக்கும் ஒரு பங்கு உண்டு. காபிக்கொட்டையின் எண்ணெயில் இருக்கும் கஃபெஸ்டால் எல்.டி.எல்.லை ஏற்றும். கொதிக்கவைத்து அப்படியே ஊற்றும் காபியில் அது நிறைய இறங்கிவிடும். காகித வடிகட்டி அதைப் பெரும்பாலும் பிடித்து வைத்துக்கொள்ளும், உலோக வடிகட்டி அவ்வளவாகப் பிடிக்காது. ஃபின்லாந்து மக்கள் கொதிக்கவைத்த காபியிலிருந்து காகித வடிகட்டிக்கு மாறினார்கள். நாளுக்கு ஒரு கோப்பை குடிப்பவர் இதற்காகக் கவலைப்பட வேண்டாம். நான்கைந்து கோப்பை குடிப்பவர், உணவை மாற்றியும் எண் இறங்கவில்லையென்றால் இதையும் மாற்றிப் பார்க்கலாம்.

பூண்டு, பட்டை, மஞ்சள்

பூண்டைப் பற்றிச் சொன்னால் பலருக்கு வருத்தமாக இருக்கும். 2007இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் 192 பேருக்குப் பச்சைப் பூண்டும் இரண்டு வகைப் பூண்டு மாத்திரைகளும் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். எல்.டி.எல். அசையவில்லை. 2022இல் வெளியான இன்னொரு சோதனையில் மீன் எண்ணெய், பட்டை, பூண்டு, மஞ்சள், தாவர ஸ்டெரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி என ஆறு வகைத் துணை மாத்திரைகளை 5 மி.கி. ரோசுவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். 28 நாளில் ரோசுவாஸ்டாட்டின் எல்.டி.எல்.லை ஏறக்குறைய 38 சதவீதம் குறைத்தது. மற்ற ஆறும் வெற்று மாத்திரையைவிடச் சொல்லும்படி எதையும் செய்யவில்லை. முன்பு சொன்ன தாவர ஸ்டெராலும், மாத்திரை வடிவில் அந்த 28 நாளில், இதில் அடக்கம். சமையலில் பூண்டும் மஞ்சளும் தாராளமாகச் சேருங்கள், ருசிக்கு. கொலஸ்ட்ரால் மருந்தாக அவற்றை நம்பி மாதங்களைக் கழிக்க வேண்டாம்.

சிவப்பு ஈஸ்ட் அரிசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதிலுள்ள மோனகோலின் கே என்ற பொருளும் லோவாஸ்டாட்டின் என்ற மாத்திரையும் வேதியியலில் ஒன்றேதான். இயற்கை மருந்து என்று நினைத்து அதை வாங்குபவர், அளவு தெரியாத ஒரு ஸ்டாட்டினைத்தான் வாங்குகிறார். சில தயாரிப்புகளில் அது நிறைய இருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. 2024இல் ஜப்பானில் இந்த வகைத் தயாரிப்பு ஒன்றில் கலந்திருந்த அசுத்தத்தால் பலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. ஸ்டாட்டின் தேவையென்றால் அளவு தெரிந்த, கண்காணிப்புள்ள ஸ்டாட்டினை எடுப்பதே பாதுகாப்பு.

நடை, எடை, புகை

உடற்பயிற்சியால் எல்.டி.எல். பெரிதாக இறங்காது. இதைத் தெரிந்துகொள்ளாமல் மாதக்கணக்கில் நடந்துவிட்டு, அறிக்கையைப் பார்த்து மனம் உடைபவர்கள் நிறைய. டிரைகிளிசரைடு இறங்கும், எச்.டி.எல். கொஞ்சம் ஏறும், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுப்படும், இதயமே பலப்படும். அதனால் நடையை நிறுத்தாதீர்கள், எல்.டி.எல். எண்ணை வைத்து அதை மதிப்பிடாதீர்கள். எடை குறைப்பதும் இப்படித்தான். 5 முதல் 10 சதவீதம் எடை குறைந்தால் டிரைகிளிசரைடில் நல்ல மாற்றம் தெரியும், எல்.டி.எல்.லில் மிதமாகத்தான் தெரியும். மாவுச்சத்தை அறவே ஒதுக்கிக் கொழுப்பை அதிகம் உண்ணும் கீட்டோ உணவில் எடை குறையும்போதே சிலருக்கு, அதிலும் ஒல்லியானவர்களுக்கு, எல்.டி.எல். கிடுகிடுவென ஏறிவிடுகிறது. அந்த உணவில் இருப்பவர்கள் பரிசோதிக்காமல் இருக்கக் கூடாது. புகையை விட்டால் எச்.டி.எல். சில வாரங்களில் தேறும், மாரடைப்பு அபாயமும் குறையும்.

அறிக்கையை எப்படிப் படிப்பது

மொத்தக் கொலஸ்ட்ரால் 228, எச்.டி.எல். 42, டிரைகிளிசரைடு 190 என்று ஒரு அறிக்கை இருப்பதாக வைத்துக்கொள்வோம். பல ஆய்வகங்கள் எல்.டி.எல்.லை நேரடியாக அளப்பதில்லை. 1972இல் ஃப்ரீட்வால்ட் கொடுத்த சூத்திரத்தின்படி கணக்கிடுகின்றன: டிரைகிளிசரைடை ஐந்தால் வகுத்தால் 38. 228இலிருந்து 42ஐயும் 38ஐயும் கழித்தால் 148. அதுதான் எல்.டி.எல். டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது, நேரடியாக அளக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இந்த அறிக்கைக்காரருக்கு இரண்டு வேலை இருக்கிறது. 148க்காக நிறைவுற்ற கொழுப்பை மாற்றி, கொழகொழப்பான நார்ச்சத்தைக் கூட்ட வேண்டும். டிரைகிளிசரைடு 150க்குள் இருக்க வேண்டும். 190க்குக் காரணம் பெரும்பாலும் சர்க்கரை, இனிப்புப் பானம், வெள்ளை மாவு, மது, வயிற்றுச் சதை இவற்றில்தான் இருக்கும். எல்.டி.எல். மட்டும் கூடியவரும் டிரைகிளிசரைடு மட்டும் கூடியவரும் ஒரே பத்தியத்தைப் பின்பற்றினால் இருவரில் ஒருவருக்குப் பலனில்லாமல் போகும். "கொலஸ்ட்ரால் இருக்கு" என்று பொதுவாகச் சொல்லிக்கொள்ளாமல், எந்த எண் கூடியிருக்கிறது என்று தெரிந்துவைத்துக்கொள்வது அவசியம்.

தைராய்டு மந்தமாக வேலை செய்தாலும் எல்.டி.எல். ஏறும், உணவு எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும். சில சிறுநீரக நோய்களும் சில மருந்துகளும் அப்படியே. முதல்முறை எண் கூடி வந்தவர் தைராய்டையும் பார்த்துவிடுவது நல்லது. எல்.டி.எல். 190ஐத் தாண்டியிருந்தாலோ, குடும்பத்தில் இளவயதிலேயே மாரடைப்பு வந்திருந்தாலோ, பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோயாக இருக்கலாம். ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு அது இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு எல்.டி.எல். ஏற்பியின் மரபணுவிலேயே பழுது. இருக்கிற ஏற்பிகளே குறைவு என்பதால் உணவால் மட்டும் அவர்களுக்குப் போதிய அளவு குறையாது. சிறு வயதிலிருந்தே மருந்து வேண்டும், பிள்ளைகளையும் உடன்பிறந்தவர்களையும் பரிசோதிக்க வேண்டும். அவர்களைப் பார்த்து "வாயைக் கட்டினால் சரியாகிவிடும்" என்று யாரும் சொல்லக் கூடாது. மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், நாற்பதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிகள் ஆகியோருக்கும் உணவு மாத்திரையோடு சேர்ந்துதான். அறிக்கை நன்றாக வந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்தினால், சில வாரங்களில் எண் பழைய இடத்துக்கே போய்விடும். அந்த நல்ல அறிக்கையே மாத்திரையால் வந்ததுதான்.

மற்றவர்கள் உணவை மாற்றிய பிறகு 6 முதல் 12 வாரத்துக்குள் ஒருமுறை பரிசோதித்தால் போதும், முடிந்தவரை அதே ஆய்வகத்தில். காய்ச்சலோ பெரிய நோயோ வந்துபோன சமயத்தில் கொலஸ்ட்ரால் தற்காலிகமாகக் குறைந்து காட்டும், அப்போது எடுக்காதீர்கள். ஒரே ஆளுக்கு எந்த மாற்றமும் இல்லாமலே எண் கொஞ்சம் மேலே கீழே போகும் என்பதால், 148 அடுத்த முறை 142 ஆனால் அதை வெற்றியாகவும் 153 ஆனால் தோல்வியாகவும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 125 வந்தால் தட்டு வேலை செய்கிறது, அப்படியே தொடரலாம். அசையவே இல்லையென்றால், ஒரு வாரம் சாப்பிட்டதை எல்லாம் எண்ணெய் உட்பட எழுதி எடுத்துக்கொண்டு மருத்துவரிடமோ உணவு ஆலோசகரிடமோ போங்கள்.